ஒளிவாளின் பூர்வீகம்

1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் லூக் ஸ்கைவாக்கர் ஏந்திய ஒளிவாளின் கைப்பிடி, பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் ஒருகாலத்தில் கேமராவின் பக்கவாட்டில் பூட்டி, உள்ளே மூன்று பேட்டரிகளை அடைத்துப் பயன்படுத்திய கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷ் குழாயே என்பதும், அதை லண்டன் கடையொன்றின் பழஞ்சாமான்களுக்கிடையே கண்டெடுத்தவர் அரங்கப் பொருள் அமைப்பாளர் ராஜர் கிறிஸ்டியன் என்பதும் நிறுவப்பட்ட செய்திகளாகும். அதன் கவ்வியில் செருகப்பட்ட குமிழ்ப் பட்டையோ, அதாவது சிவப்பு எண்கள் கண்ணுக்கு எட்டாத அளவில் ஒளிர்ந்த அக்காலக் கால்குலேட்டர்களில் அவற்றைப் பெரிதாக்கிக் காட்டிய பிளாஸ்டிக் வில்லைகளின் வரிசையோ, ‘எக்ஸாக்ட்ரா’ என்னும் கால்குலேட்டரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டதாக ரசிகர்கள் கண்டறிந்தனர். திரைச்சட்டகங்களை நிறுத்தி நிறுத்தி அவர்கள் நடத்திய இவ்வாய்வு, ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியரின் பொறுமைக்குச் சற்றும் குறைந்ததன்று. 1980-இல் வந்த அடுத்த படத்தில் குமிழ்கள் மறைந்து, மின்சுற்று அட்டையைச் செருகும் இணைப்பியின் துண்டு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டதால், எந்த வாளுக்கு எந்தப் பட்டை என்பதிலும் கறார் தேவைப்பட்டது. விண்மீன் மண்டலத்தையே காக்கும் ஆயுதம் கடைக்கணக்குக் கூட்டும் கருவியின் உறுப்பைத் தாங்கியிருந்தது குறித்து எவரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. முகம் சுளித்தோர் பழைய கேமராக்களைச் சேகரிப்போரே: வாள் செய்ய விரும்பியோர் ஃபிளாஷ் குழாய்களைத் தேடித்தேடி வாங்கி விலையை ஏற்றிவிட, கேமராக்கள் பல கைப்பிடியின்றி நின்றன; குழாயின் நகல்களைப் புதிதாகச் செய்து விற்கும் தொழிலும் கிளம்பியது.