கட்சி தொடங்கப் போற பேரனுக்கு

வாடா கண்ணு, உக்காரு. கட்சி தொடங்கப் போறியாமா? உங்கம்மா போன்ல ஒரே அழுகை. கவர்மெண்டு போலீசு, கோர்ட்டு, பட்டாளத்தோட நின்னுக்கணும், அவனவன் சொத்தும் பொழப்பும் அவனவன் இஷ்டம்னு பேசறியாமா. நல்ல பேச்சுத்தான். ஆனா டெல்லிக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னால ஒரு சங்கதி கேட்டுக்கோ. 1989-லிருந்து தேர்தல் கமிஷன்ல புதுசாக் கட்சியப் பதியணும்னா, சோசலிசத்துக்கு விசுவாசமா இருப்போம்னு விதிமுறையில எழுதிக் குடுக்கோணும். சட்டத்துலயே இருக்குது, 29ஏ. கள்ளுக்கடை மறியலுக்குப் போறவன் வாசல்ல ஒரு மொந்தை குடிச்சுட்டு உக்கார்ற கதைதான். கூச்சப்படாத, எழுதிக் குடுத்துரு.

உனக்கு முன்னாலயே ஒருத்தர் இதுல எறங்குனாரு. தொரப்பள்ளி ராஜாஜி. நாக்பூர்ல காங்கிரசு கூட்டுறவுப் பண்ணைன்னு தீர்மானம் போட்டுச்சு. அந்த 1959-லயே, எம்பது வயசுல, சுதந்திராக் கட்சியத் தொடங்கிட்டாரு. நீயும் நானும் வாயில போட்டு மெல்லுற பர்மிட் லைசென்ஸ் ராஜ்யங்கிற பேரெல்லாம் அவரு வெச்சதுதான். சும்மா வெக்கல. வீட்டுல ரேடியோ பாடறதுக்கே வருசா வருசம் தபாலாபீசுல லைசென்ஸ் கட்டுன காலம். 1963-ல மொரார்ஜி தேசாய் 14 கேரட்டுக்கு மேல நகை செய்யக்கூடாதுன்னு சொல்ல, ஆசாரிமாருங்க நடுத்தெருவுக்கு வந்தாங்க. 1967-ல சுதந்திராவுக்கு 44 எம்.பி. கெடைச்சாங்க. ராஜாஜி கண்ண மூடி ரெண்டு வருசத்துல கட்சியும் சரண் சிங் கட்சியோட கரைஞ்சு போச்சு.

இப்பக் கேளு, உன்ற தலைவரோட வண்டவாளத்த. இதே ராஜாஜி 1937-ல மெட்ராசுக்குப் பிரதமரா வந்ததும் முதல் வேலையாச் சேலம் ஜில்லாவுல மதுவிலக்குப் போட்டாரு. நல்ல எண்ணந்தான், எத்தனையோ பொம்பளைங்க கும்பிட்டாங்க. ஆனா குடிக்கறதும் அவனவன் இஷ்டம்தானே, உன்ற கணக்குப்படி? சரி, அதை விடு. கடைய மூடுனதுல கஜானா இளைச்சுப் போச்சு. அந்த ஓட்டைய அடைக்க 1939-ல விற்பனை வரின்னு ஒண்ணப் போட்டாரு. பொறவு 1971-ல கடை தொறந்துச்சு, மூணு வருசத்துல மூடுச்சு, மறுக்காத் தொறந்துச்சு. வரி மட்டும் அசையல. 2003-லிருந்து கவர்மெண்டே கவுண்டர்ல நின்னு பாட்டில் விக்குது. 2017-ல ஜி.எஸ்.டி. வந்து பெரும்பாலான சாமானுக்கு அந்தப் பழைய வரி போயிருச்சு. வாட்டுன்னு பேர மாத்திக்கிட்டுச் சாராயத்து மேலயும் பெட்ரோல் மேலயும் இன்னும் குந்திக்கிட்டிருக்குது. சாராயத்த மூடறதுக்குப் பொறந்த வரி, சாராயத்தக் குடிச்சே உசுர் வாழுது பாரு!

எமர்ஜென்சியில ஜெயிலுக்குப் போய்ட்டு வந்து, சுதந்திரத்தக் காப்பாத்துறோம்னு ஆட்சியப் புடிச்ச ஜனதாக்காரங்க மட்டும் சளைச்சவங்களா? 1978-ல 44-ஆவது திருத்தத்தப் போட்டு, சொத்துரிமைய அடிப்படை உரிமைப் பட்டியல்லிருந்து கழட்டி, 300ஏ-ன்னு ஒரு மூலையில சாத்தி வெச்சுட்டாங்க. அந்தக் கூட்டத்துல பழைய சுதந்திராக்காரங்களும் இருந்தாங்க.

அதனால கட்சி வேண்டாங்கல. நல்ல காரியத்துக்குத்தானேன்னு ஒரு தடியக் கவர்மெண்டு கையில குடுக்கறப்ப, நாளைக்கு அது எவன் கையில இருக்கும்னு யோசிச்சுக்கோன்னு மட்டுந்தான் சொல்றன். போன மாசம் பக்கத்துத் தோட்டத்துக் கோழிப்பண்ணைய இழுத்து மூடச் சொல்லிக் கலெக்டருக்கு மனு எழுதுனது நீதானே? நாத்தம் தாங்கலைன்னு நானும் கீழ கையெழுத்துப் போட்டனே, அதுக்காகச் சொல்றன்.

கட்சிக்கு நூறு உறுப்பினர் வேணுமாமா. மொதப் பேரா என்ற பேரையே எழுதிக்கோ. கெணத்து மோட்டாருக்கு வர்ற இலவசக் கரண்ட்ட நிறுத்த மாட்டோம்னு மட்டும் கொள்கையில ஒரு வரி சேர்த்துரு சாமி.