மாருதி 800 வெளிக் கைப்பிடி: வழுவும் வழுவமைதியும்

காரின் இன்ஜினைப் பற்றித் தடித்தடியாய் நூல்கள் உண்டு. கியர் பெட்டிக்குப் பட்டயப் படிப்பிலேயே பாடம் உண்டு. டிரைவர் பக்கக் கதவின் வெளிக் கைப்பிடியை மட்டும் அறிஞர் எவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு. ஆய்வெல்லை மாருதி 800. முதல் வண்டி 1983 டிசம்பரில் வெளிவந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. ஆகவே இன்று தெருவில் நிற்பவற்றுள் கடைக்குட்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. கைப்பிடி ஆய்வுக்கு இதைவிட முற்றிய தரவு வாய்க்காது. அம்பாசடரை ஏன் விட்டீர் என்பார்க்கு: வேறு யாராவது பிஎச்.டி. வாங்கட்டும்.

வழு மூவகைப்படும். இழுத்தால் வரும், கதவு திறக்காது என்பது ஒன்று. இழுக்கவே வராது என்பது ஒன்று. கையோடு வந்துவிடும் என்பது ஒன்று. மூன்றாவதற்கு உரை தேவையில்லை. நடுவிலுள்ளது துருவின் வேலை, பல நேரம் நாலு சொட்டு எண்ணெயில் அடங்கும். முதல் வகைதான் ஆய்வாளனுக்கு விருந்து. கைப்பிடியின் பின்னாலிருந்து ஒரு மெல்லிய கம்பி கதவுக்குள்ளேயே பூட்டுக்குப் போகிறது. அதன் நுனியைப் பிடித்திருப்பது விரல்நகம் அளவுள்ள பிளாஸ்டிக் கிளிப். வருடக்கணக்கில் வெயிலில் வெந்த கிளிப் ஒருநாள் பொடிந்ததும் கம்பி கழன்று தொங்கும். கைப்பிடி சும்மா வந்து சும்மா போகும்.

'சார், கதவ டமால்னு சாத்துவீங்களா?'

'அதெல்லாம் இல்ல தம்பி. அதுவாத்தான் உடைஞ்சுது.'

பட்டறைதோறும் இவ்வுரையாடல் பாடபேதமின்றி வழங்குகிறது. ஆனால் பட்டறைவரை வருவோர் சிறுபான்மையர். பெரும்பான்மைக் குடும்பங்கள் பிழையைத் திருத்துவதில்லை, இலக்கணத்தைத் திருத்திக்கொள்கின்றன. இடப்பக்கம் ஏறி, கியர் கம்பிக்கு மேல் உடம்பை நீட்டி, உள்ளிருந்து கதவைத் திறந்துவிடும் பதவி வீட்டில் ஒருவருக்கு வந்து சேர்கிறது. அவர் ஊரில் இல்லையென்றால் கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைப்பது மரபு. திருடனுக்கும் அதே வசதி என்பதை இம்மரபினர் பொருட்படுத்தார். 'அந்தப் பக்கமா வாங்க, இது வராது' என்று விருந்தாளியிடம் சொல்வதில் வெட்கம் முதல் மாதத்தோடு சரி. பின்கதவில் வெளிக் கைப்பிடி போய், உள்ளே சைல்டு லாக்கும் விழுந்திருந்தால் அந்தக் கதவு சுவராகிவிடும். அரிசி மூட்டை வைக்கிற பக்கம் என்று பெயரும் பெறும். இதுவே வழுவமைதி.

அமைதி கொள்ளாதார்க்குச் செய்முறை வருமாறு. முதலில் கண்ணாடியை முழுக்க ஏற்றுக; இல்லையேல் கதவுக்குள் கை நுழையாது. பிறகு கண்ணாடி ஏற்றும் ஹேண்டிலைக் கழற்றுக. கற்றோர் தோற்கும் இடம் இது. ஹேண்டிலில் ஸ்க்ரூ எதுவும் கண்ணுக்குத் தென்படாது. பின்புறம் 'ப' வடிவில் வளைந்த கம்பி கிளிப் ஒளிந்திருக்கும். பட்டறைப் பையன் பழைய பனியன் துணியை ஹேண்டிலுக்கும் டோர் பேடுக்கும் நடுவே கொடுத்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல் இப்படியும் அப்படியும் இழுப்பான். கிளிப் 'டிங்' என்று தெறிக்கும். எங்கே தெறித்தது என்பதே இவ்வாய்வின் மிக நீண்ட பகுதி.

ஸ்க்ரூக்களையும் ஓரத்துப் பட்டன்களையும் எடுத்தால் டோர் பேட் கையில் வரும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கம்பெனிக்காரன் பிரிக்க மறந்த உறை என்று அதைக் கிழித்தெறிவோர் உளர். மழைத்தண்ணீர் டோர் பேடை நனைக்காமல் காப்பது அதுதான். பதமாக உரித்து, திரும்ப ஒட்டுக. கண்ணாடி இடுக்கில் இறங்கும் தண்ணீர் கதவின் அடி ஓட்டைகள் வழியே வடிய வேண்டும். சேறு அடைத்திருந்தால் கையோடு கம்பியால் குத்திவிடுக; கதவு அடியிலிருந்து அரிப்பது பெரும்பாலும் அதனால்தான். இனி நட்டுகளைக் கழற்றிக் கம்பியை விடுவித்தால் கைப்பிடி வெளியே வந்துவிடும். இப்பகுதியில் சுவாரஸ்யம் ஏதுமில்லை.

புதிது வேண்டுவோர் சென்னையில் ஜி.பி. ரோட்டுக்குச் செல்வர், கழற்றியது போதும் என்போர் புதுப்பேட்டைக்குச் செல்வர். இருவருக்கும் சொல்வது இரண்டு. வலப்பக்கத்துக்கு இடப்பக்கக் கைப்பிடி சேராது. ஆகவே பழையதைக் கையில் எடுத்துச் செல்க. கிளிப்பையும் மறவாமல் கேட்டு வாங்குக. பழைய கிளிப்பைப் புதுக் கைப்பிடியோடு சேர்ப்போர் விரைவில் இக்கட்டுரையை மறுபடியும் படிப்பர்.

பொருத்தி முடித்ததும் வரும் மகிழ்ச்சியில் கதவைச் சாத்திவிடாதீர்கள். வேலை செய்கையில் உள் கைப்பிடியின் கம்பியும் முழங்கை பட்டுக் கழன்றிருக்கலாம். அப்படியானால் சாத்திய கதவு எந்தப் பக்கத்திலிருந்தும் திறக்காது. கதவு திறந்திருக்கும்போதே பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கி, வெளிக் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மறுபடி மடக்கி, உள் கைப்பிடியையும் இழுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நாக்கு 'டக்' என்று விடுபட்டால் மட்டும் டோர் பேடை மாட்டுங்கள்.