நந்தினி எந்தக் குடி?

ஓம் கா, எனக்கு எல்லாம் கேக்குது. காது மந்தம் எண்டு நினைச்சு நீங்க திண்ணையில இருந்து கதைக்கிற அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் கிடக்கன். ஏ.எல். சோதினைக்குப் படிக்கிறம் எண்டு வாறீங்க. பொத்தகம் விரிச்ச கையோட போனும் விரியுது. ஒரு நாள் பொன்னியின் செல்வன், மத்த நாள் அந்த வெள்ளைக்காரத் தொடர். கதை பாக்கிறது பிழையெண்டு நான் சொல்லல்ல. நீங்க கேக்கிற கேள்விகள்தான் எனக்குப் பொறுக்குதில்ல.

அந்தத் தொடருக்குப் பேர் 'அவுட்லாண்டர்' ஆம். 1945ல யுத்தம் முடிய, புருஷனோட ஸ்கொட்லாந்துக்கு உலாப் போன தாதி ஒருத்தி, வட்டமா நட்டு வைச்ச கல்லுகளுக்குள்ள போய் ஒரு கல்லைத் தொட்டாளாம். 1743ல போய் விழுந்தாளாம். அங்க ஜேமி எண்டு ஒரு பொடியன். அவனைக் கட்டிக்கொண்டாள். டயானா கபால்டன் எண்ட அம்மா 1991ல முதல் பொத்தகம் போட்டவ, இண்டைக்கும் சனம் அவவைக் கேள்வி கேட்டு ஓயல்ல. சன்னலைப் பாத்துக்கொண்டு மழையில நிண்ட ஆவி ஆரு? முதல் புருஷன் பிராங்கிட மூதாதையை அங்க வைச்சுக் கொன்னா, இஞ்சால பிராங் பிறப்பானா? என்ட பேத்தி என்னட்டயே கேட்டாள்: "அம்மப்பா, இருநூறு வருஷ இடைவெளியில ரெண்டு புருஷன் எண்டா அது பிழையா?" ரெண்டு பேருக்கும் ஒரே நாளில சோறு காச்சத் தேவையில்லையே புள்ள, பிழையென்ன எண்டன். குசினிக்குள்ள இருந்து அம்மம்மா இருமினாள்.

ஒண்டு மட்டும் சொல்லி வைக்கன். அதைப் பாத்துப்போட்டு நம்மட தான்தோன்றீஸ்வரர் கோயிலில போய்க் கல்லுகளைத் தொட்டுத் தொட்டு நிக்காதீங்க. நம்மட கல்லு நந்தி, பறங்கித் தளபதி "இது புல்லுத் தின்னுமோ" எண்டு பகிடி விட்ட நேரம், எழும்பிப் புல்லையும் திண்டு சாணமும் போட்டது எண்டு சொல்லுவாங்க. ஆளை வேற காலத்துக்கு அனுப்புறது ஸ்கொட்லாந்துக் கல்லிட வேலை. நம்மட கல்லு ஊரைவிட்டு அசையாம இருந்து காரியம் பாக்கும்.

இனி பொன்னியின் செல்வன் நந்தினிக்கு வாறன்.

கேள்வி கேக்கிற வருத்தம் உங்களோட வந்ததெண்டு நினைக்காதீங்க. கல்கி அந்தக் கதையை 1950ல தொடங்கி 1954ல முடிக்க, அதென்ன திடீரெண்டு முடிச்சுப்போட்டீங்க, அவளுக்கு என்ன நடந்த, இவன் என்ன ஆன எண்டு வாசகர்மார் குடைஞ்செடுத்திட்டாங்க. மனிசன் கடைசியில முடிவுரை எழுதி, ஆரு ஆரு என்னென்ன ஆனாங்க, எது சரித்திரம், எது கற்பனை எண்டு ஆறுதலா விளங்கப்படுத்தினார். எழுதினவர் விளங்கப்படுத்தியும் சனம் எழுவது வருஷமா அடங்கல்ல. மறுகா 2022லயும் 2023லயும் மணிரத்னம் படம் எடுத்தார், நெருப்புக்கு நெய் ஊத்தின கணக்கு.

முதல் கேள்வி எப்பவும் ஒண்டுதான்: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்னது ஆரு? கதையில கல்கி அதை இருட்டுக்குள்ளயே விட்டுட்டார். படத்தில ஒரு முடிவு வைச்சாங்க, நீங்க அதுக்கும் சண்டை பிடிச்சீங்க. காட்டுமன்னார்கோயிலில அனந்தீசுவரர் கோயில் சுவரில ஒரு கல்வெட்டு இரிக்கி, உடையார்குடிக் கல்வெட்டெண்டு சொல்லுவாங்க. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த ரெண்டாம் வருஷத்து எழுத்து. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் எண்டு பேர் சொல்லி, துரோகிகள் எண்டு வெட்டி வைச்சிரிக்காங்க. அதில ரெண்டு பேருக்குப் 'பிரமாதிராஜன்' எண்ட அதிகாரிமார் பட்டம். விளங்குதா? கொலைகாரன் காட்டுக்குள்ள இருந்து வரல்ல, கந்தோருக்குள்ள இருந்து வந்தவன். இன்னொரு வடிவும் இரிக்கி. அந்தக் கல்லு எழுதினது கொலையை விளக்க இல்ல. அவனுகளிட, அவனுகளிட சொந்தக்காரரிட காணியைப் பறிச்ச கணக்குக்குத்தான். அரசன் மகன் செத்ததைக் கல்லில தேடுறவனுக்குக் கிடைக்கிறது காணிக் கச்சேரித் துண்டு.

ரெண்டாவது சண்டை, நந்தினிட தகப்பன் ஆரு? சுந்தர சோழனா, வீரபாண்டியனா? நந்தினி எண்டு ஒருத்தி சரித்திரத்தில இல்ல, கல்கிட பேனைக்குப் பிறந்த புள்ளை. சரி, இருந்தாள் எண்டே வைப்பம். ஏன் கா இந்தச் சண்டை? மட்டக்களப்பில பிறந்த நீங்க தகப்பனைத் தேடலாமா? புள்ளை தாய்ட குடி. தாய் ஆரு? மந்தாகினி, ஊமை ராணி. அதில ஆருக்கும் சந்தேகமில்ல. அப்ப மந்தாகினிட குடிதான் நந்தினிட குடி, கேஸ் தள்ளுபடி. உலகிப்போடி குடியா, காலிங்கா குடியா, படையாண்ட குடியா எண்டு கேட்டிருந்தீங்க எண்டா, சபாஷ், இவள் படுவான்கரைப் புள்ளை எண்டு வெத்திலை எடுத்துத் தந்திருப்பன். அஞ்சு பாகம் வாசிச்சு ஒருத்தியும் அதைக் கேக்கல்ல.

வந்தியத்தேவன் குந்தவையைக் கட்டினானா எண்டது மூண்டாவது. கட்டினான். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்லில குந்தவையை ராஜராஜன்ட அக்கா, வல்லவரையர் வந்தியத்தேவர்ட தேவியார் எண்டு போட்டிரிக்கி. முதல்ல தம்பி, மறுகாதான் புருஷன். குடுத்த பொன்னும் நகையும் அவட பேரில. மாப்பிள்ளை கலியாணம் கட்டிப் பொம்பிளை வீட்டோட வந்து, மாமன் வளவில வாய் பொத்தி இருந்த மாதிரித்தான் எனக்குப் படுகுது. நம்மட ஊர் முறைக்கு ஒரு குறையும் இல்ல. குதிரையில ஏறிப் பாய்ஞ்ச அந்தப் பாய்ச்சலெல்லாம் தாலி கட்டுமட்டும்தான்.

பூங்குழலியைப் பத்தியும் ஒண்டு. கோடிக்கரையில இருந்து தனியத் தோணி வலிச்சுக்கொண்டு இலங்கைக்கு வாறாள், அதுக்குள்ள பாட்டும் பாடுறாள். அவளுக்கு ஆர் மேல விருப்பம் எண்டு நீங்க ராத்திரி பன்னிரண்டு மட்டும் கதைச்சீங்க. எனக்கு வந்த கேள்வி, பாடுறதுக்கு மூச்சு எங்கால? 2014ல மண்முனைப் பாலம் திறக்க முந்தி, வாவியைத் தாண்டப் பாதைக்கும் தோணிக்கும் காத்து நிண்ட ஆக்கள் நாங்க. எதிர்க்காத்தில துடுப்புப் போட்டவனுக்கு வாயில வாறது பாட்டில்ல. வாற சொல்லை உங்களுக்கு முன்னால சொல்ல ஏலாது.

இவ்வளவு கேட்ட நீங்க கேக்காம விட்டது என்ன தெரியுமா? கதையில புத்த பிக்குகள் இலங்கை முடியை அருள்மொழிவர்மனுக்குக் குடுக்கப் போக, வேணாம் எண்டுபோட்டான். ஆகா, என்ன பெருந்தன்மை எண்டு கண்ணீர் விட்டீங்க. அதே ஆள் ராஜராஜன் ஆகி, 993 அளவில படையோட வந்து அனுராதபுரத்தை அடிச்சு, பொலன்னறுவையைப் பிடிச்சான். 1017ல அவன்ட மகன் ராஜேந்திரன்ட படை அஞ்சாம் மிகிந்துவையும் பிடிச்சுக்கொண்டு போச்சுது. சும்மா குடுக்க வேணாமெண்டவன் அடிச்சுப் பறிக்க ஏன் வந்தான்? இலங்கையில இருந்துகொண்டு அந்தப் படத்தைப் பாக்கிற ஒருத்தரும் இதைக் கேக்காட்டி வேற ஆர் கா கேக்கிற?

சரித்திரத்தில காதலும் கடலும் கலந்த கதை வேணுமெண்டா நம்மட காலடியிலயே கிடக்கு. மட்டக்களப்பு மான்மியத்தைப் புரட்டுங்க. கலிங்கத்துக் குகசேனன்ட மகள் உலகநாச்சி, புத்தர்ட தந்தத்தையும் கைலாயத்துச் சிவலிங்கத்தையும் கூந்தலுக்குள்ள மறைச்சுக்கொண்டு கப்பலேறி வாறாள். மேகவண்ணன் ராசாட்டத் தந்தத்தைக் குடுத்து, மண்முனையில ஆள நிலம் கிடைக்குது. சிங்களப் பக்கத்தில தலதாக் கதையைக் கேட்டா, கலிங்கத்துக் குகசிவன்ட மகள் ஹேமமாலா, அதே தந்தம், அதே கூந்தல், அதே ராசா. வித்தியாசம், அவளோட புருஷன் தந்தகுமாரன் வாறான். நம்மடவள் தம்பியோட வாறாள். ரெண்டும் ஒருத்தியா, இல்லாட்டி ஒரே கொண்டையில ரெண்டு ஊர் பங்கு கேக்குதா? இதுக்கு ஒரு படம் எடுத்துச் சண்டை பிடிச்சீங்க எண்டா நானும் டிக்கட் எடுப்பன். அந்த லிங்கம் மறுகா கொக்கட்டி மரத்தடியில, வேடன் கோடரி போட ரத்தம் பாய்ஞ்சு வெளிச்சத்துக்கு வந்தது எண்டுதான் நம்மட கோயில் கதை சொல்லும்.

அம்மப்பா, உனக்கு அந்த ஸ்கொட்லாந்துக் கல்லுக் கிடைச்சா எந்த வருஷத்துக்குப் போவாய் எண்டு நேத்துக் கேட்டீங்க, பதில் சொல்லாம எழும்பிப் போனன். இறால் பண்ணையடி 1987 வேணாம். மகிழடித்தீவு 1991 வேணாம். சனத்தைக் கொன்ன அந்த ரெண்டு நாளுக்கும் போகக் கல்லுத் தேவையில்ல, இந்த ஊரில ஆரிட வாசலிலயும் நிண்டா போதும்.

நான் போனா 1954க்குத்தான். மே மாதம் கதை முடியுது, டிசம்பர் 5ல கல்கி செத்துப்போறார். இடையில ஏழு மாசம் கிடக்கு. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது 1964லதானே. தலைமன்னாரில கப்பலேறி அங்கால ரயிலைப் பிடிச்சா நேரா சென்னை. போய், கதவைத் தட்டி, ஒரு கேள்வி கேப்பன். நந்தினியைப் பத்தி இல்ல, மணிமேகலையைப் பத்தி. அந்தச் சம்புவரையர் வீட்டுப் பெட்டைதான் வந்தியத்தேவனைக் காப்பாத்தக் கொலைப்பழியையே தன்ட தலையில போட்டவள். அவனுக்காகப் புத்தி பேதலிச்சு, அவன் மடியிலயே உயிரை விட, அஞ்சு பாகமும் அவளோட முடியுது. படக்காரர் அவளுக்கு ஒரு மூலை கூடக் குடுக்கல்ல. நீங்களும் ஒரு வார்த்தை கேக்கல்ல. அவளை ஏன் ஐயா கொன்னீங்க எண்டு நான் கேப்பன். பதில் சரியில்லாட்டி கடைசி அத்தியாயத்தை மாத்தி எழுதுமட்டும் அந்தத் திண்ணையை விட்டு இறங்கமாட்டன். அவர் அங்க மாத்தினா இஞ்ச உங்கட பொத்தகத்திலயும் எழுத்து மாறத்தானே வேணும்? பாத்துக்கொண்டிருங்க, அஞ்சாம் பாகம், கடைசிப் பக்கம்.