நிமிடத்துக்கு ஒரு பீஸ்

நீட் தேர்வு ஹாலுக்குள் கொண்டுபோகக் கூடாத பொருள்களின் பட்டியலைப் படித்தால் ஆம்பூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் ரோஷம் வரும். ஷூ கூடாது. பெல்ட் கூடாது. பர்ஸ் கூடாது. கைப்பை கூடாது. பட்டியல் போட்டவர் ராணிப்பேட்டையில் ஆரம்பித்து வாணியம்பாடி வரை ஒவ்வொரு தோல் கம்பெனியாக ஏறி இறங்கிக் குறிப்பெடுத்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். ஜெர்மனிக்காரர் காலில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிற ஷூவைத் தைக்கிற ஊரில், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குச் செருப்புதான். அதிலும் குதிகால் உயரம் கூடாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கைக்கடிகாரமும் கூடாதாம். 180 நிமிடத்தில் 180 கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய பரீட்சையில், மணி பார்க்கும் சாதனத்தை வாசலிலேயே கழற்றி வாங்கிவிடுகிறார்கள். சுவரில் ஒரு கடிகாரம் தொங்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கோட்டைக்கு ராஜா இல்லை, கோயிலுக்குச் சாமி இல்லை, ஆற்றுக்குத் தண்ணீர் இல்லை என்று எங்கள் பக்கத்து வேலூரைப் பற்றியும் இப்படி ஒரு பழைய 'இல்லை'ப் பட்டியல் கிண்டலாக உண்டு. சாமி 1981-ல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளமே போனது. பட்டியலில் காலியான இடத்தில் கடிகாரம் இல்லாத கையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படியானதற்குக் காரணம் என் தங்கை மகள். போன வருஷம் அவள் நீட் எழுதினாள். 2022 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து, 180-க்குப் பதில் எழுதினால் போதும் என்று 200 நிமிடம் தந்தார்கள். இவள் முறை வந்த 2025-ல் சாய்ஸையும் பிடுங்கிக்கொண்டார்கள், 20 நிமிடத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். "மாமா, கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட கிடையாது" என்று அவள் தாளில் போட்டுக் காட்டினாள். ஓ.எம்.ஆர். தாளில் ஒரு வட்டத்தைப் பேனாவால் நிரப்ப ஐந்து விநாடி. 180 வட்டத்துக்குப் பதினைந்து நிமிடம். மிச்சத்தை வகுத்தால் கேள்விக்கு 55 விநாடி. அதற்குள் படித்து, புரிந்துகொண்டு, கணக்குப் போட்டு, சந்தேகமும் பட்டுக்கொள்ள வேண்டும். நான் தலைவலி மாத்திரை அட்டையைப் பிரிக்கவே அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிற ஆள்.

கோச்சிங் கிளாஸில் இதற்கு வித்தை சொல்லிக் கொடுத்தார்கள். வினாத்தாள் இயற்பியலில்தான் தொடங்கும், அதைத் தொடாதே. நேராக 91-வது கேள்விக்குப் போய் உயிரியல் தொண்ணூறையும் முக்கால் மணி நேரத்தில் முடி. தெரிந்ததை முதல் சுற்றில் போடு, யோசிக்க வேண்டியதை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளு. இவ்வளவையும் சொல்லித்தர வாங்கிய கட்டணத்தை இங்கே எழுதினால் என் தங்கைக்கு மறுபடி மயக்கம் வரும்.

தங்கை ஒரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற லைனில் இருக்கிறாள். மகள் இந்த வித்தையை விளக்கியதும் சிரித்துவிட்டாள். "இதுக்கா அவ்ளோ துட்டு? ஒரு அப்பர் மக்கர் பண்ணா ஓரமா வெச்சிட்டு அடுத்ததை எடுக்கணும்டி. அதோட சண்டை போட்டுக்கினு இருந்தா லைனே நின்னுடும். சூப்பர்வைசர் வந்து கத்துவாரு. இன்னா பெரிய சுற்று?" நெகடிவ் மார்க் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. சரியாகச் செய்தால் நாலு, தப்பாகச் செய்தால் ஒன்று பிடித்தம். "ரிஜெக்ட் பீஸுக்குக் காசு பிடிக்கிற மாதிரி" என்று முடித்துவிட்டாள்.

2024-ல் நடந்ததைச் சொன்னபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. சில மையங்களில் தேர்வு நேரம் வீணானது என்று 1,563 பேருக்கு ஈட்டு மதிப்பெண் போட்டார்கள். நாலு கூட்டி ஒன்று கழிக்கிற கணக்கில் 720-க்கு அடுத்தது 716-தான். ஆனால் 718, 719 என்றெல்லாம் மார்க் வந்து நின்றது. விவகாரம் சுப்ரீம் கோர்ட் போய், அந்த மார்க்கை ரத்து செய்து ஜூன் 23-ல் மறுதேர்வு வைத்தார்கள்; 813 பேர்தான் வந்து எழுதினார்கள். "லைன்ல கரண்ட் போனா எங்களுக்கு எவனாவது பீஸ் சேர்த்துப் போடுறானா?" என்று தங்கை கேட்டாள். நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை சார்பில் பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லாததால் டீயைக் குடித்தேன்.

வேகமாகப் பொறுக்கி எடுத்தால்தான் நல்ல டாக்டர் கிடைப்பாரா என்பது எனக்குப் புரியாத விஷயம். வேலூர் சி.எம்.சி.யில் முன்பெல்லாம் தனி நுழைவுத் தேர்வு வைத்து, தேறியவர்களை நேரில் வரவழைத்து, பேசிப் பழகிப் பார்த்து எடுத்தார்கள். 2017-ல் நீட் வழியாகத்தான் சேர்க்க வேண்டும் என்றானபோது, 100 எம்.பி.பி.எஸ். இடத்துக்கு ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்துவிட்டு வழக்கு நடத்தினார்கள். அந்த வகுப்பில் முதல் ரேங்கும் கடைசி ரேங்கும் ஒருவருக்கே. அவருக்கு நேர நெருக்கடி இருந்திருக்காது. கேள்வி கேட்கும் புரொபசர் யாரைப் பார்ப்பாரோ என்ற சந்தேகமும் இருந்திருக்க வழியில்லை.

மே 4, ஞாயிற்றுக்கிழமை, அக்னி நட்சத்திரம். இரண்டு மணிப் பரீட்சைக்கு ஒன்றரைக்கே கேட்டை மூடிவிடுவார்கள். ஆம்பூரில் ஞாயிறு ஒன்றரை மணி என்றால் சீரகச் சம்பா பிரியாணி இலையில் விழுகிற நேரம். வீட்டில் இது பெரிய விவாதமானது. பிரியாணி சாப்பிட்டால் தூக்கம் வரும் என்றது ஒரு கட்சி. சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும் என்றது இன்னொரு கட்சி. தங்கை மகள்தான் தீர்ப்புச் சொன்னாள். "பிரியாணி சாப்பிட்டா தண்ணி தாகம் எடுக்கும். தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். போய்வர அஞ்சு நிமிஷம். அஞ்சு கேள்வி, 20 மார்க்." ஒரு பிளேட் பிரியாணியின் உண்மையான விலை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு இட்லியோடு கிளம்பினாள். நாங்கள் மையத்துக்கு வெளியே வேப்பமர நிழலுக்கு மற்ற பெற்றோர்களோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தோம்.

ஐந்து மணிக்கு மேல் வெளியே வந்தாள். இயற்பியலைத் திட்டிக்கொண்டே வந்தாள். அந்த வருஷம் நாடு முழுக்க அதைத்தான் திட்டினார்கள்.

"எத்தனை பீஸ் முடிச்ச?" என்றாள் தங்கை.

"165."

"ரிஜெக்ட் எவ்ளோ?"

"ரிசல்ட் வந்தாத்தான் தெரியும்மா. ஜூன் ஆகும்."

"ஜூனா!" என்றாள் தங்கை. "எங்க கம்பெனியில சாயங்காலமே சொல்லிடுவானுங்க."