சின்னத் தீவுதானே?

1979இல் நான் முதன்முதலாக இலங்கைக்குப் போனபோது திட்டம் போட்டுக் கொடுத்தவர் பெரியப்பா. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். திட்டம் என்பது விமானத் தபாலில் வந்த நான்கு வரி. மாசியில் வா, மழை இருக்காது. ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறு. தலைமன்னாரில் இறங்கினால் ரயில் நிற்கும். நேரம் இருந்தால் ஊர் பார்க்கலாம்.

நேரம் இருக்கவில்லை. ராமேஸ்வரத்தில் சுங்கக்காரர் அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாய் ஜாடியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். மூன்று மணி நேரக் கடலில் நான் கண்டதெல்லாம் கப்பலின் விளிம்புக் கம்பி மட்டும்தான். குமட்டல். இரவு ரயிலில் ஏறி, விடிந்ததும் கொழும்புக் கோட்டையில் இறங்கினேன். பன்னிரண்டு நாளில் ஒன்பது நாள் பெரியப்பாவின் கடையில் துணி மடித்தேன். மாலையில் காலிமுகத்திடலில் இறால் வடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டி. அவ்வளவுதான் நான் பார்த்த இலங்கை. அதை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் பேசினேன்.

அந்த வழி இப்போது இல்லை. எண்பதுகளில் கப்பல் நின்றது. போரில் தலைமன்னார்த் தண்டவாளமும் போனது. 2015இல் ரயில் திரும்ப வந்தது. அதற்கு ஆள் கொண்டுவரும் கப்பல்தான் வரவில்லை. 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒன்று விட்டார்கள். கடலுக்கு மனமிருக்கும் நாளில் அது போகும்.

இரண்டாம் முறை போனதற்குத் திட்டம் போட்டவள் மகள். எக்செல்லில் போட்டாள். ஐந்து நாள், எட்டு ஊர். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம். சிகிரியாவுக்கு மஞ்சள், கண்டிக்குப் பச்சை, மிரிசாவுக்கு நீலம், ஏனென்றால் திமிங்கலம். “சின்னத் தீவுதானே அப்பா” என்றாள். தமிழ்நாட்டில் சரிபாதி அது. தமிழ்நாட்டைப் பத்து நாளில் பார்த்துவிட முடியுமா என்று கேட்க நினைத்தேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

போனது மே மாதம். பேரனுக்குப் பள்ளி விடுமுறை. நம் விடுமுறையைப் பற்றித் தென்மேற்குப் பருவமழைக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. அது மே மாதம்தான் கொழும்பிலும் காலியிலும் மிரிசாவிலும் இறங்குகிறது. மிரிசாவில் திமிங்கலம் பார்க்கும் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே மாதத்தில் போகிறவர் கிழக்கே திருகோணமலைக்கோ பாசிக்குடாவுக்கோ போக வேண்டும். அங்கே அப்போது கடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் கணக்கு தலைகீழ். பெரியப்பா எழுதிய ‘மாசியில் வா’ என்பதற்குள் இத்தனையும் இருந்தது. எக்செல்லில் அதற்குக் கட்டம் இல்லை.

எங்கள் ஓட்டுநர் ஹட்டன்காரர். அட்டவணையைக் கையில் வாங்கி மரியாதையாகப் படித்தார். “ஐயா, இங்க கிலோமீட்டரப் பார்க்காதீங்க, மணியப் பாருங்க” என்றார். கண்டியிலிருந்து நுவரெலியா எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. மழையில் மூன்றரை மணி நேரம். முதல் நாளே மஞ்சள் பச்சைக்குள் போய்விட்டது.

சிகிரியாவில் ஆயிரத்து இருநூறு படிகள். காலை ஏழு மணிக்கு ஏறவேண்டிய பாறை. நாங்கள் ஏறியது பதினொன்றரைக்கு. காசியப்ப மன்னன் ஐந்தாம் நூற்றாண்டில் அப்பனைக் கொன்றுவிட்டு ஏன் அத்தனை உயரத்தில் போய் உட்கார்ந்தான் என்பது எனக்குப் பாதியிலேயே விளங்கியது. துரத்தி வருகிறவன் இதற்குமேல் வரமாட்டான்.

கண்டி–எல்ல ரயிலுக்கு முன்பதிவு ஒரு மாதம் முன்பே திறக்கும், திறந்ததும் தீரும். மூன்றாம் வகுப்பில் கதவோரம் நின்றுகொண்டு போனோம். குறையொன்றும் இல்லை, தேயிலைச் சரிவெல்லாம் முகத்துக்கு நேரே வந்தது, மழையும் வந்தது. ஒரு விகாரையில் மாப்பிள்ளை புத்தருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கப் போய், காவலர் விசில் ஊதினார். அங்கே அது விளையாட்டல்ல. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. 1979இல் பெரியப்பா என் தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டார், விசில் தேவைப்படவில்லை.

பௌர்ணமியன்று அங்கே விடுமுறை, போயா. மதுக்கடை திறக்காது. எங்களுக்கு வாய்த்ததோ வைகாசிப் பௌர்ணமி, வெசாக். மாப்பிள்ளையின் முகத்தை இதற்குமேல் விவரிக்க வேண்டாம். கம்பளைக்கு அருகில் வண்டிகள் வரிசையாக நின்றன. விபத்து என்று நினைத்தோம், தன்சல். வெசாக் நாளில் வழிப்போக்கருக்கெல்லாம் ஊரார் இலவசமாகச் சோறு போடும் பந்தல். எங்கள் வண்டியையும் கை காட்டி நிறுத்தினார்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று சோறும் பருப்பும் பலாக்காய்க் கறியும் வாங்கினோம். காகித விளக்குகள் தலைக்குமேல் ஆடிக்கொண்டிருந்தன. பேரன் இரண்டாம் முறையும் வரிசையில் போய் நின்றான். மகள் கைபேசியை எடுக்கவே இல்லை. அன்றைக்கு அட்டவணையில் இருந்தவை இரண்டு ஊர்கள்.

மிரிசாவுக்குப் போனோம். மழையில் கடல் சாம்பல் நிறமாக இருந்தது. படகு ஒன்றும் போகவில்லை.

போன வாரம் கீழ்வீட்டுக்காரர் வந்தார். டிசம்பரில் குடும்பத்தோடு இலங்கை போகிறாராம், ஏதாவது யோசனை சொல்லுங்களேன் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் அவருக்கு எக்செல்லை அனுப்பிவிட்டாள். அவர் அங்கேயே திறந்து பார்த்து, ரொம்பத் தெளிவாக இருக்கிறதே என்று பாராட்டினார். அதே ஐந்து நாள்தான். யாழ்ப்பாணத்தை மட்டும் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார்.