கெட்டிக்காரச் சொல்

அரசாங்கக் கோப்புகளில் ‘தன்னார்வலர்’ அளவுக்குத் திறமையான சொல்லை நான் பார்த்ததில்லை. கூலி எதிர்பாராமல் தானே முன்வந்து கைகொடுப்பவர் என்பது ஊரறிந்த பொருள். அன்னதானப் பந்தியில் பரிமாறுகிறவரையும் வெள்ளத்தில் படகோடு வருகிறவரையும் அப்படித்தான் சொல்கிறோம். அந்த நல்ல சொல்லை, 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் வீடு தேடிப் போய்ச் சுகாதாரம் பார்க்கும் ஆஷா பெண்களுக்குச் சூட்டியது. இன்று நாடெங்கும் சுமார் 10 லட்சம் பேர்.

ஆஸ்பத்திரியில் பிறந்து வீடு வந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா போய்ப் பார்க்க வேண்டும். எடை போட வேண்டும். உடம்புச் சூடு பார்க்க வேண்டும். தொப்புளில் சீழ் வைத்திருக்கிறதா, பிள்ளை மார்பைச் சரியாகப் பற்றிப் பால் குடிக்கிறதா என்று கவனித்துப் படிவத்தில் எழுத வேண்டும். ஆறு நடைக்கும் சேர்த்துத் திட்டம் வகுத்த தொகை 250 ரூபாய். அதைக் கூலி என்று எழுதினால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் குறுக்கே நிற்கும். தன்னார்வலருக்கு ‘ஊக்கத்தொகை’ என்று எழுதினால் சட்டமே வழிவிடுகிறது. ஒரே சொல்லால் அரசுக்கு இத்தனை மிச்சம் பிடித்துத் தந்த நிதியமைச்சர் யார் இருக்கிறார்?

உறுதியும் உண்டு ‘தன்னார்வலர்’ என்ற சொல்லுக்கு. இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்கச் சொல்லி 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013இல் பரிந்துரைத்தது. சொல் அசையவில்லை. கொரோனா காலத்தில் வீடு வீடாக நடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் விருது கொடுத்தது. ‘தன்னார்வலர்’ விருதை மறுக்காது. வருங்கால வைப்பு நிதியைத்தான் அண்டவிடாது.

2025 பிப்ரவரியில் கேரள ஆஷாக்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்குங்கள், ஓய்வுபெறும்போது 5 லட்சம் கொடுங்கள் என்று கேட்டார்கள். போராட்டத்தின் 50ஆம் நாள் தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள். வேலைக்கு என்று சேர்ந்தவர்களுக்குத்தானே ஓய்வு? இத்தனை வருஷம் வேலை வாங்கியும் இவர்களை ஊழியர் ஆகவிடாமல் காத்த சொல், அன்றைக்கும் காவலை விட்டு நகரவில்லை.