குற்றமற்ற கட்டடம்

அதியமானுக்காகத் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கொட்டிலைச் சுற்றிக் காட்டினான். உங்கள் வேல்களெல்லாம் நெய் பூசி, மயில் பீலி அணிந்து, கட்டுக்காவலில் எவ்வளவு அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடக்கின்றன என்று அந்தம்மா பாராட்டினார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமானுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். குன்றத்தூரும் தொண்டை நாடுதான். அந்த உரிமையில் எங்கள் ஊர்ப்பக்கத்து அலுவலகம் ஒன்றை நானும் பாராட்டிவிடுகிறேன்.

பெயர் வேண்டாம். போரூரிலிருந்து தாம்பரம் வரை அதற்கு அண்ணன் தம்பிகள் நிறைய. கீழே பேக்கரியும் செல்போன் கடையும். இரண்டாம் மாடியில் மெடிக்கல் கோடிங் அலுவலகம். அமெரிக்க மருத்துவமனைகளிலிருந்து வரும் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போட்டு அனுப்புவது வேலை. மைக்ரேன் என்றால் ஜி43. அது கண்ணில் மின்னல் காட்டிவிட்டு வருகிற ரகமா, காட்டாமல் வருகிற ரகமா, மூன்று நாள் தாண்டியும் நிற்காத ரகமா என்பதற்கெல்லாம் தனித்தனி வால் உண்டு. எங்கேயோ டெக்சாஸில் ஒருவருக்கு வந்திருக்கும் தலைவலி எந்த ஜாதி என்பதை எங்கள் பிள்ளைகள் காபி ஆறுவதற்குள் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கே வரும் தலைவலியைப் பற்றிச் சொல்லத்தான் நிர்வாகம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. எச்ஆர் மேடம், அட்மின் சார், ஒரு டீம் லீடர். மூவருக்கும் தனித்தனி கேபின். இந்த விவகாரத்தில் துளியும் பாதிக்கப்படாத நடுநிலையாளர்களைத் தேடிப் பிடித்துப் போட்டதற்கே நிர்வாகத்துக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

குழு ஒரு படிவம் அச்சடித்தது. நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், காலையில் சாப்பிட்டீர்களா, வீட்டில் எவ்வளவு நேரம் செல்போன் பார்க்கிறீர்கள், குடும்பத்தில் மனக்கஷ்டம் உண்டா, கல்யாணப் பேச்சு ஏதும் நடக்கிறதா. கேள்வி ஒவ்வொன்றும் ஊழியரின் வீட்டுக் கதவைத்தான் தட்டியது. அலுவலகத்தின் கதவை ஒன்றுகூடத் தட்டவில்லை. தன் வீட்டைத் தானே துப்பறிவது பண்பல்ல என்கிற நாகரிகம். நேர்முக விசாரணையிலும் அப்படியே. “சார், மேலே இருக்கிற லைட்டு கண்ணைக் கூசுது சார்” என்றது ஒரு பெண். “ராத்திரி சீரியல் பார்ப்பியாம்மா?” என்று அட்மின் சார் பரிவோடு கேட்டார். அந்தப் பெண்ணுக்கு நைட் ஷிஃப்ட். அதையும் மீறி அவள் சீரியல் பார்த்திருக்கக்கூடும் என்று சந்தேகிக்க எவ்வளவு நுட்பம் வேண்டும்.

அற்பர்கள் யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்திருந்தால் கெடுத்திருப்பார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த வரிசையில், எந்த நாற்காலியில் என்று எழுதியிருப்பார்கள். லீவு நாளில் விட்டுவிடுகிறதா, திரும்பி வந்து உட்கார்ந்த மூன்றாம் மணி நேரத்தில் பிடிக்கிறதா, வேறு இடத்துக்கு மாற்றினால் குறைகிறதா என்று பார்த்திருப்பார்கள். ஒரே வரிசையில் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் நெற்றி தெறித்தால், நாலு பேருடைய அம்மா அப்பாவையும் விசாரிப்பதை விட்டுவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்திருப்பார்கள். நம் குழு ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. கழுத்துக்கு நல்லது.

பார்த்திருந்தால் ஏசி தெரிந்திருக்கும். நல்ல ஏசி, ஐந்து நட்சத்திரம். ஸ்பிளிட் ஏசியின் சிக்கனம் பலருக்குத் தெரியாது. அது அறையில் உள்ள காற்றையே இழுத்து, குளிரவைத்து, அறைக்கே திருப்பித் தருகிறது. வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை. ஜன்னல்களோ, நிறுவனத்தின் பெயரைச் சாலையில் போகிறவர்கள் படிக்க வேண்டுமே என்று வெளியே பிளெக்ஸ், வெயில் வராமல் உள்ளே கறுப்புத் தாள் என இருபுறமும் அடைக்கப்பட்டவை. ஒருவர் விட்ட மூச்சு வீணாகாமல் அடுத்த இருக்கைக்குப் போய்ச் சேருகிறது. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும். அறைக்குள் ஆயிரத்தைத் தாண்டினாலே புதுக்காற்று போதவில்லை என்று பொருள் கொள்வார்கள். அடைத்த அறையில் ஆட்களை நெருக்கி உட்காரவைத்தால் அது இரண்டாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். தலை பாரமாகும், கொட்டாவி வரும், படித்த வரியையே திரும்பப் படிக்க நேரும். அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. குழு வாங்கவில்லை. அளக்காத வரைக்கும் எண் ஏறாது என்பது ஆழமான தத்துவம்.

இதில் அமெரிக்கர்களைப் பார்த்தால்தான் பரிதாபமாக இருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்செலவைக் குறைக்க அவர்களும் கட்டடங்களை இறுக்கி மூடினார்கள். ஆளுக்கு நிமிடத்துக்கு ஐந்து கனஅடி வெளிக்காற்று போதும் என்று 1981இல் அங்கே விதி எழுதினார்கள். ஊழியர்களுக்குத் தலைவலி, கண் எரிச்சல், சோர்வு. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் அந்த 1980களில் நோயாளிக் கட்டடம் என்று கட்டடத்துக்கே நோய்ப் பட்டம் கட்டியது. 1989இல் அந்த ஐந்தைப் பதினைந்துக்குக் குறையக் கூடாது என்று ஏற்றிவிட்டார்கள். பொறுமை இல்லாத ஜனங்கள். எங்கள் கட்டடத்தை யாரும் இதுவரை அப்படிக் கைநீட்டிக் குற்றம் சொன்னதில்லை.

சென்னையின் தென்புறத்துக்கே காற்று ஒரு பெருமையாக இருந்த காலமும் உண்டு. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இங்கிலாந்தில் சானடோரியம் நடத்திவிட்டு வந்தவர். திறந்தவெளிக் காற்றும் வெயிலும்தான் பாதி மருந்து என்று நம்பினார். ரயில் நிலையத்துக்கே தாம்பரம் சானடோரியம் என்று பெயர் வந்துவிட்டது. இன்று அந்த நிலையத்தில் இறங்கும் கூட்டத்தில் பாதி, காற்று புகாத கண்ணாடிக் கட்டடங்களைத் தேடித்தான் ஓடுகிறது. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரும் ஒருவகையில் அலுவலக உத்தியோகஸ்தர்தான். இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சர். ஆனால் பெரிய புராணத்தை எழுத அவர் தில்லை ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போய்விட்டார் என்பது மரபு. தூண்களுக்கு நடுவே நாலாப்பக்கமும் காற்று. பயோமெட்ரிக்கும் இல்லை. அப்படியிருந்தும் எழுதி முடித்திருக்கிறார் என்பது வியப்புக்குரியது.

விளக்குகளுக்கு வருகிறேன். சீலிங் முழுக்க மலிவு விலை எல்ஈடி பலகைகள். பார்க்கக் கல்யாண மண்டபம்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சரியான டிரைவர் இல்லாத விளக்கு அதனால் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். கண் அதைப் பார்ப்பதில்லை, மூளை வாங்கிக்கொள்கிறது. இங்கிலாந்தில் ஆர்னால்ட் வில்கின்ஸ் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. ஓர் அலுவலகத்தில் துடிக்கும் பழைய டியூப்லைட்டுகளையும் துடிப்பு அடங்கிய மின்னணுச் சோக் போட்டவற்றையும் ஊழியர்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி எரியவிட்டுக் கணக்கெடுத்தார்கள். துடிப்பு அடங்கிய நாட்களில் தலைவலியும் கண்வலியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே போயின. யாரிடமும் சீரியல் பற்றிக் கேட்கவில்லை. ஆளைத் தொடாமல் விளக்கை மட்டும் மாற்றிப் பார்த்த சோம்பேறிகள்.

மின்வெட்டு வந்தால் மாடிப்படிக்குக் கீழே ஜெனரேட்டர் ஓடும். அடைக்கப்படாத ஒரே ஒரு ஜன்னல் இருக்கிறது. அது சரியாக அதன் புகைக்குழாய்க்கு மேலே. வெளிக்காற்றே வருவதில்லை என்று குறை சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது உள்ளே போவதை உடம்பு முதலில் தெரிவிப்பது பெரும்பாலும் தலைவலியாகத்தான். (இந்த ஒரு வரியை மட்டும் அட்மின் சார் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளாமல் இன்றைக்கே போய்ப் பார்த்தால் நல்லது.) டீசல் வாடையை மறைக்கச் சுவரில் ஒரு வாசனைக் கருவி, கால்மணிக்கு ஒருமுறை மல்லிகையைப் பீச்சுகிறது. மைக்ரேன்காரர்கள் பலருக்குக் கடுமையான வாசனையே வலியைக் கிளப்பும். ஒரே அறையில் டீசலும் மல்லிகையும் சேர்ந்து கிடைக்க வேறு எங்கே போவது?

உழைப்பு விஷயத்தில் நாடே நமக்குப் பின்னால் நிற்கிறது. வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்கலாம் என்று எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் சொன்னது 2025 ஜனவரியில் ஊரெல்லாம் பேச்சானது. வீட்டில் மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். கம்ப்யூட்டர் திரையை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதற்கு அவர் வரம்பு வைக்கவில்லை, பெருந்தன்மை. தமிழ்நாட்டில் 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 1947ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே பழைய சட்டம் காற்றோட்டத்தையும் வெளிச்சத்தையும் பற்றிப் பேசுகிறது, நாலு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வையும் பேசுகிறது. அதையெல்லாம் நம் அலுவலகம் நினைவுபடுத்தித் தொந்தரவு செய்வதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு உட்காருவதில் குறையே கிடையாது. எழுந்திருக்கத்தான் அனுமதி வேண்டும். பாத்ரூம் போனால் கம்ப்யூட்டர் நிமிடக் கணக்கு வைக்கும். ஆகவே தண்ணீர் குடிப்பதில்லை. டார்கெட் முடியவில்லை, ஆகவே சாப்பாடு தள்ளிப்போகிறது. பட்டினியும் தாகமும் மைக்ரேனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பவை. படிவத்தில் காலையில் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு மதியத்தைக் கேட்காமல் விட்டார்களே, அந்த அடக்கத்தைச் சொல்ல வேண்டும்.

குழுவின் கையில் வலுவான ஆதாரம் ஒன்றும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கர்நாடகத்தில் வீடுவீடாகப் போய் எடுத்த கணக்கில், ஓர் ஆண்டில் மைக்ரேன் வந்தவர்கள் நூற்றுக்கு 25.2 பேர். பெண்களுக்கு அதிகம். பரம்பரையாகவும் வரும். ஆக, நாலு பேரில் ஒருவர் வேலைக்குச் சேரும்போதே அதைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார், கட்டடம் என்ன செய்யும் என்றார் டீம் லீடர். மறுக்க முடியாத பேச்சு. நோய் அவர்களுடையதுதான். எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று முகூர்த்தம் குறித்துக் கொடுப்பது மட்டுமே அலுவலகத்தின் பங்கு. நாலில் ஒருவருக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று முன்பே தெரிந்த பிறகும் துடிக்கும் விளக்கின் கீழ் நாற்காலி போட்டிருக்கிறார்களே, அது பாரபட்சம் பார்க்காத மனசு.

நடவடிக்கை எடுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. வெள்ளிக்கிழமை தோறும் ஆன்லைனில் யோகா. அதற்கும் அந்தத் திரையைத்தான் பார்க்க வேண்டும். வாசலில் ஒரு முதலுதவிப் பெட்டி. மாத்திரைகள் உறை பிரியாமல், பஞ்சு வெள்ளை வெளேரென்று, பூட்டி, சாவி அட்மின் சாரிடம். ஔவையார் பார்த்திருந்தால் இன்னொரு பாட்டுக் கிடைத்திருக்கும். அதனால் பிள்ளைகள் மாத்திரையைத் தங்கள் பையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். மேசை இழுப்பறைகளில் அமிர்தாஞ்சன் வாடை அடிக்கிறது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிப் பிறகு சென்னைக்குக் கொண்டுவந்த மஞ்சள் தைலம், பத்திரிகையும் விடுதலைப் போராட்டமும் நடத்தப் பணம் தந்தது. எங்கள் அலுவலகம் இருக்கும் வரை அந்த வியாபாரத்துக்கு நலிவு வராது. மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ சாதாரண வலிமாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் என்கிறார்கள் நரம்பியல் மருத்துவர்கள். அப்போது குழுவுக்கு இன்னும் வசதி. அது முழுக்க முழுக்க ஊழியரின் கைங்கரியம்.

அறிக்கை வந்துவிட்டது. கட்டடத்தில் குறை ஏதும் இல்லை, தலைவலிக்குக் குறிப்பிட்ட காரணம் எதுவும் கண்டறியப்படவில்லை, ஊழியர்கள் நன்றாகத் தூங்க வேண்டும் என்று மூன்று கையெழுத்து. நைட் ஷிஃப்டில் அதைப் படித்த ஒரு பெண் பக்கத்து நாற்காலியில் இருந்தவளிடம், “அக்கா, இது ஆர்51 போட்டுட்டாங்க” என்றாள். இன்னதென்று குறிப்பிடாத வெறும் தலைவலிக்கு உள்ள குறியீடு அது. வேலை செய்யும் இடத்தில் ஒருவர் எதற்கு ஆளாகிறார் என்பதைப் பதிய இசட்57 என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். நோயாளியின் குறிப்பில் காரணம் எழுதியிருக்க, அதை விட்டுவிட்டுப் பொத்தாம் பொதுவான குறியீட்டைப் போட்டால் ஆடிட்டில் தப்பு என்று பிடிப்பார்கள். தப்பு ஏறினால் அந்த மாத இன்சென்டிவ் போய்விடும். விசாரணைக் குழுவுக்கு ஆடிட் கிடையாது. இன்சென்டிவ் உண்டாம்.